மோமாவை நிலைநிறுத்திய உயில்: லில்லி பிளிஸ் என்ன செய்தார்?

கேள்வி இதுதான்: நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில், அதாவது மோமாவில், வான்கோவின் ‘விண்மீன் இரவு’, பிக்காசோவின் ‘அவிஞ்யோன் பெண்கள்’ ஆகிய இரண்டு ஓவியங்களின் பெயர்ச்சீட்டிலும் லில்லி பி. பிளிஸ் என்ற பெயர் வருகிறது. யார் இவர்? இந்த இரண்டையும் இவர்தான் வாங்கிக் கொடுத்தாரா?

இல்லை. இரண்டில் ஒன்றுகூட அவர் வீட்டுச் சுவரில் தொங்கியதில்லை. பிக்காசோ மோமாவுக்கு வந்தது 1939இல், வான்கோ வந்தது 1941இல். லில்லி பிளிஸ் இறந்தது 1931 மார்ச்சில். அவர் விட்டுச்சென்ற வேறு ஓவியங்களை விற்றும் மாற்றியும்தான் இந்த இரண்டும் வந்தன. அப்படி விற்கலாம், மாற்றலாம் என்று அவரே உயிலில் அனுமதி எழுதிவைத்திருந்தார். என் பார்வையில் அவர் மோமாவுக்குச் செய்த பெரிய காரியம் அந்த உயில்தான். ஓவியங்கள் அதற்கு அடுத்தபடி.

முதலில் ஆளைப் பற்றி. 1864இல் பிறந்தவர். அப்பா கொர்னேலியஸ் பிளிஸ் பெரிய ஜவுளி வியாபாரி. அதிபர் மெக்கின்லியின் அமைச்சரவையில் உள்துறைச் செயலராக இருந்தவர். லில்லி திருமணம் செய்துகொள்ளவில்லை. நடுவயது வரை பெற்றோர் வீட்டிலேயே வாழ்ந்தார். முதலில் பிடித்தது சங்கீதம்: பியானோ வாசிப்பார், இசைக் குழுக்களுக்குப் பணம் கொடுப்பார். ஓவியத்துக்குள் இழுத்து வந்தவர் ஆர்தர் பி. டேவிஸ் என்ற ஓவியர். டேவிஸின் படங்களை வாங்கத் தொடங்கியவர், மெல்ல மெல்ல டேவிஸ் யாரையெல்லாம் மதித்தாரோ அவர்களுடைய படங்களையும் வாங்கினார்.

அந்த டேவிஸ்தான் 1913இன் ஆர்மரி கண்காட்சியை நடத்திய சங்கத்தின் தலைவர். பிப்ரவரி 17 முதல் மார்ச் 15 வரை, லெக்சிங்டன் அவென்யூவில் இருந்த ஒரு படைப்பிரிவின் பயிற்சிக் கூடத்தில், சுமார் 300 கலைஞர்களின் ஏறத்தாழ 1,300 படைப்புகள். அமெரிக்கா ஐரோப்பிய நவீன ஓவியத்தை மொத்தமாகப் பார்த்தது அங்கேதான். பத்திரிகைகள் கேலி செய்தன, கூட்டம் அலைமோதியது. லில்லி பிளிஸ் அங்கே ரெடோன், செசான், டெகா, ரெனுவார் என்று வாங்கினார். எண்ணெய் வண்ண ஓவியம் மட்டுமல்ல, கல்லச்சுப் பிரதிகளும் வாங்கினார். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு இது நல்ல வழி. அச்சுப் பிரதி விலை குறைவு, கலைஞரின் கை பழகுகிறது, தவறாக வாங்கினாலும் நட்டம் சிறியது.

வாங்கியதை மாட்ட இடமில்லை என்பதுதான் விசித்திரம். அம்மாவுக்கு இந்தப் படங்கள் கண்ணில் படக்கூடாது. வயதான தாயின் மனதுக்காக அவற்றை மறைவாகவே வைத்திருந்தார். 1923இல் தாய் இறந்தபிறகுதான் பார்க் அவென்யூவில் தனக்கென ஒரு பெரிய குடியிருப்பு எடுத்தார். செசானும் சூராவும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு வயது 59.

இதற்கிடையில் 1921இல் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நவீன ஓவியத்தைத் தொடவே தயங்கிய காலம். லில்லி பிளிஸ், வழக்கறிஞரும் சேகரிப்பாளருமான ஜான் குவின் உள்ளிட்ட சிலர் வற்புறுத்தி, இம்ப்ரெஷனிசம் முதல் பிக்காசோ வரை கடன் வாங்கிய படங்களைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்த வைத்தார்கள். லில்லி பிளிஸ் தன் படங்களைப் பெயர் போடாமல் கொடுத்தார். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு துண்டறிக்கை சுற்றியது: இவை சீரழிந்த கலை, போல்ஷெவிக் பிரச்சாரம் என்கிற மாதிரி. அதிலும் எழுதியவர் பெயர் இல்லை. மெட்ரோபாலிட்டன் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. தனி அருங்காட்சியகம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது என்று சொல்லலாம்.

ஆனால் எண்ணத்தை அவசரமாக்கியது இரண்டு சாவுகள்.

ஜான் குவின் 1924இல் இறந்தார். அமெரிக்காவில் நவீன கலைக்கு அவர் செய்தது கொஞ்சமல்ல. 1909 சுங்கச் சட்டப்படி 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளுக்கு வரி இல்லை. அதைவிடப் புதியதற்கு 15 சதவீதம். அதாவது ரெம்பிராண்ட் இலவசமாக வரலாம், மத்தீஸுக்கு வரி கட்ட வேண்டும். குவின் வாதாடி 1913இல் அந்த வரியை நீக்க வைத்தார். (அந்த 1909 சட்டத்துக்குப் பெயர் கொடுத்த இருவரில் ஒருவர் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச். அவருடைய மகள்தான் பின்னாளில் மோமாவைத் தொடங்கிய ஏபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர்.) இவ்வளவு செய்த குவினின் 2,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் அவர் இறந்தபிறகு பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஏலம் போய்ச் சிதறின. சூராவின் ‘சர்க்கஸ்’ மட்டும் அவர் எழுதிவைத்தபடி லூவ்ருக்குப் போனது. அடுத்து 1928இல் டேவிஸ் இறந்தார். 1929இல் அவருடைய சேகரிப்பும் ஏலத்துக்கு வந்தது. லில்லி பிளிஸ் அதில் ஏலம் கேட்டு வாங்கினார். தன் ஆசானின் சுவரில் இருந்ததை ஏலக்கூடத்தில் விலை கொடுத்து எடுக்க வேண்டியிருந்தது. நல்ல சேகரிப்பும் சட்டப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டில் காணாமல் போகும் என்பதை அவர் இரண்டு முறை நேரில் பார்த்துவிட்டார்.

1928–29 குளிர்காலத்தில் எகிப்துப் பயணத்தில் ஏபி ராக்ஃபெல்லரைச் சந்தித்தபோது பேச்சு இதைப் பற்றித்தான். திரும்பும் கப்பலில் ஏபி, மேரி குவின் சல்லிவனைச் சந்தித்தார். சல்லிவன் முன்பு ஓவிய ஆசிரியராக இருந்தவர். மூவரும் சேர்ந்து 1929 மே மாதம் ஏ. காங்கர் குட்இயரை மதிய உணவுக்கு அழைத்துக் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். குட்இயரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. பஃபலோ நகர ஓவியக்கூடத்துக்குப் பிக்காசோ ஒன்றை வாங்கியதற்காக அங்கே நிர்வாகக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். பணமும் நிர்வாக அனுபவமும் உள்ள, அதே சமயம் இந்த விஷயத்தில் அடிபட்ட ஆள். இயக்குநராக ஹார்வர்டு பேராசிரியர் பால் சாக்ஸ் பரிந்துரைத்தது அல்ஃபிரட் பாரை. வயது 27.

1929 நவம்பரில், பங்குச்சந்தை சரிந்து பத்து நாள்கூட ஆகாதபோது, ஐந்தாம் அவென்யூ 730இல் 12ஆம் மாடியில் வாடகைக்கு எடுத்த ஆறு அறைகளில் மோமா திறந்தது. முதல் கண்காட்சி செசான், கோகென், சூரா, வான்கோ. ஒரு மாதத்தில் 47,000-க்கும் மேல் வந்தார்கள். லில்லி பிளிஸ் துணைத் தலைவர், ஏபி பொருளாளர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக ஏறக்குறைய எதுவுமே இல்லை. சுவரில் இருந்ததெல்லாம் கடன். முதலில் சேர்ந்தவை சாக்ஸ் கொடுத்த சில அச்சுப் பிரதிகள், குட்இயர் கொடுத்த ஒரு மயோல் சிற்பம். 1930இல் எட்வர்ட் ஹாப்பரின் ‘ரயில்பாதை அருகே வீடு’. அவ்வளவுதான். கண்காட்சி நடத்துவதற்கு இது போதும். ஆனால் கடன் கொடுக்கிறவர் மனம் மாறினால், காப்பீட்டுக் கட்டணம் ஏறினால், இரண்டு பருவம் நிதி வராவிட்டால், கதவை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத நிறுவனத்தைக் கலைப்பது எளிது.

1931 மார்ச் 12 அன்று லில்லி பிளிஸ் இறந்தார். உயிலில் சுமார் 150 படைப்புகள் மோமாவுக்கு. செசானின் ‘குளிப்பவன்’, ‘ஆப்பிள்கள்’, ‘பைன் மரங்களும் பாறைகளும்’, சூராவின் ‘போர்-ஆன்-பெசான் துறைமுக வாயில்’, கோகென், ரெடோன், மொடிலியானி, மத்தீஸ், பிக்காசோ. அந்த உயிலின் அமைப்பைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் மூன்று பாகங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

முதலாவது பணம். அருங்காட்சியகம் நிதி அளவில் உறுதியாக நிற்கிறது என்று உயில் நிறைவேற்றுபவர்களுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். மூன்று ஆண்டு அவகாசம். இல்லையென்றால் ஓவியங்கள் இல்லை. எவ்வளவு இருந்தால் உறுதி என்பது நிறைவேற்றுபவர்கள் கையில் இருந்தது. அவர்களில் முக்கியமானவர் தம்பி கொர்னேலியஸ் பிளிஸ் ஜூனியர். முதலில் நிர்ணயித்தது 10 லட்சம் டாலர். அது பெருமந்த காலம், வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன. கடைசியில் தொகையை 6 லட்சமாகக் குறைத்தார்கள். ராக்ஃபெல்லர் குடும்பம், கார்னெகி அறக்கட்டளை எனப் பலரிடமிருந்து திரட்டி 1934இல் நிபந்தனை நிறைவேறியது.

இந்த 6 லட்சம் ஓவியம் வாங்குவதற்கான பணம் அல்ல, மூலநிதி. அசலைத் தொடக்கூடாது, வட்டியும் ஈவுத்தொகையும்தான் செலவுக்கு. ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்தால் 24,000 டாலர். வாடகை, சம்பளம், காப்பீடு, காவல், படங்களைப் பழுதுபார்ப்பது எல்லாம் ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் வந்து நிற்கும் செலவு. ஓவியத்தைக் கொடையாகக் கொடுப்பவர் பலர் மறப்பது இதைத்தான். 150 ஓவியங்களை இலவசமாகப் பெறும் நிறுவனம் அன்றைக்கே 150 பொருள்களைக் காலமெல்லாம் பராமரிக்கும் கடனையும் சேர்த்துப் பெறுகிறது. லில்லி பிளிஸ் பணத்தைத் தானே முழுக்கக் கொடுக்காமல் மற்றவர்களைக் கொடுக்க வைத்தார். அது கஞ்சத்தனம் அல்ல. ஒருவருடைய பணத்தில் நிற்கும் அருங்காட்சியகம் அந்த ஒருவரோடு போய்விடும். நிதி கொடுத்த அத்தனை பேருக்கும் அது நிலைத்திருக்க வேண்டும் என்ற அக்கறை வந்துவிடுகிறது.

இரண்டாவது சுதந்திரம். பெரும்பாலான படைப்புகளை அருங்காட்சியகம் விற்கலாம், வேறொன்றுக்கு மாற்றலாம். 1931இல் இது அரிது. சேகரிப்பாளர்களின் இயல்பு நேர் எதிரானது. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 1924இல் இறந்தபோது 10 லட்சம் டாலர் மூலநிதியும் வைத்துவிட்டு, வைத்த இடத்தில் வைத்தபடி எல்லாம் இருக்க வேண்டும், மாற்றினால் மொத்தத்தையும் விற்றுப் பணத்தை ஹார்வர்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்தார். பழைய கலைக்கு அது பொருந்தும். அந்த வீடே ஒரு படைப்பு. 1990இல் 13 பொருள்கள் களவு போன பிறகும் வெற்றுச் சட்டகங்கள் அங்கே தொங்குகின்றன. நவீன கலைக்கு அந்த ஏற்பாடு செல்லாது. இன்றைய நவீனம் ஐம்பது ஆண்டில் பழசாகிவிடும். அல்ஃபிரட் பார் 1933இல் அறங்காவலர்களுக்குக் கொடுத்த அறிக்கையில், நிரந்தரச் சேகரிப்பு காலத்தினூடே போகும் டார்பிடோ (நீருக்குள் பாயும் குண்டு) மாதிரி என்று படம் போட்டே காட்டினார்: மூக்கு நிகழ்காலத்தில், வால் 50 முதல் 100 ஆண்டுக்கு முந்திய காலத்தில். முன்னே போகப் போகப் பின்னாலிருப்பதை விட வேண்டும். பிளிஸ் உயிலில் அந்த அனுமதி இல்லாதிருந்தால் பாரின் படம் வெறும் படமாகவே இருந்திருக்கும்.

மூன்றாவது கட்டுப்பாடு. சுதந்திரம் முழுமையானதல்ல. செசானின் ‘ஆப்பிள்கள்’, டோமியேவின் ‘துணி துவைக்கும் பெண்’ போன்ற மிகச் சிலவற்றை விற்கக்கூடாது. மோமாவுக்கு வேண்டாமென்றால் மெட்ரோபாலிட்டனுக்குப் போக வேண்டும். சந்தைக்கு எது போகலாம், எது பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும் என்று அவர் பிரித்து வைத்திருந்தது இதிலிருந்து தெரிகிறது.

இனி அந்த அனுமதி எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

‘அவிஞ்யோன் பெண்கள்’ 1907இல் வரையப்பட்டது. 243.9 × 233.7 செ.மீ., ஏறத்தாழ எட்டடி உயரம். பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஜாக் தூசேயிடம் இருந்து, அவர் இறந்தபிறகு மனைவியிடமிருந்து செலிக்மன் என்ற வணிக நிறுவனம் வாங்கி 1937இல் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது. விலை 28,000 டாலர். மோமாவிடம் வாங்குவதற்கு என்று பெரிய நிதி கிடையாது. பார் செய்தது இது: பிளிஸ் கொடையில் இருந்த டெகாவின் குதிரைப் பந்தய ஓவியம் ஒன்றை விற்றார், அது 18,000 டாலருக்கு ஈடாயிற்று. மீதி 10,000-ஐ அந்த வணிக நிறுவனத்தின் பங்குதாரர்கள் இருவர் தங்கள் கொடையாகவே விட்டுக்கொடுத்தார்கள். அன்றைய சந்தையில் டெகா உறுதியான பெயர். பிக்காசோவின் இந்தப் படம் பெரும்பாலானோருக்கு அருவருப்பு. ஊரறிந்ததைக் கொடுத்து ஊர் ஒப்பாததை வாங்கினார்கள். இப்போது பார்த்தால் எளிதாகத் தெரிகிறது. அன்று அறங்காவலர் கூட்டத்தில் இதற்குக் கையெழுத்து வாங்குவது எளிதாக இருந்திருக்காது.

‘விண்மீன் இரவு’ விஷயத்தில் பணமே கைமாறவில்லை. பாரிஸின் பெரிய வணிகர் பால் ரோசன்பெர்க் யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் நியூயார்க் வந்துவிட்டார். ரோட்டர்டாமில் ஒரு சேகரிப்பிலிருந்து அவர் 1938இல் வாங்கியிருந்த படம் இது. பார் கேட்டார், ரோசன்பெர்க் பண்டமாற்றுக்கு ஒப்பினார். பிளிஸ் சேகரிப்பிலிருந்து மூன்று போயின: செசானின் விக்டர் ஷோக்கே உருவப்படம், செசானின் ‘பழமும் மதுவும்’, துலூஸ்-லோத்ரெக்கின் ‘மே பெல்ஃபோர்’. வந்தது ஒன்று, 73.7 × 92.1 செ.மீ. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சொந்தமான முதல் வான்கோ ஓவியம் அதுதான். வணிகருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், செசான் சுலபமாக விலைபோகும், ஒன்றுக்குப் பதில் மூன்று சரக்கு. அருங்காட்சியகத்துக்கு என்ன லாபம் என்றால், செசான் அதனிடம் தேவைக்கு மேல் இருந்தது, வான்கோ ஒன்றுகூட இல்லை.

இப்படி மாற்றும்போது பழைய கொடையாளியின் பெயர் புதிய பொருளுக்கு இடம்பெயர்கிறது. அதனால் மோமாவில் இரண்டு வகை வாசகம் காணலாம். ‘லில்லி பி. பிளிஸ் சேகரிப்பு’ என்று மட்டும் இருந்தால் அது அவருடைய சுவரில் இருந்தது. ‘பிளிஸ் கொடையின் வழியே, மாற்றாக’ என்று இருந்தால் அவருடையது எதையோ கொடுத்துப் பெற்றது. சேர்க்கை எண்ணையும் பாருங்கள். புள்ளிக்கு முன் அந்த ஆண்டின் வரிசை எண், பின் ஆண்டு. ‘விண்மீன் இரவு’ 472.1941. செசானின் ‘குளிப்பவன்’ 1.1934, அதாவது நிபந்தனை நிறைவேறிய அந்த ஆண்டின் பேரேட்டில் முதல் பதிவு. ‘ஆப்பிள்கள்’ 22.1934. மோமாவின் இணையத் தொகுப்பில் அவர் பெயரைப் போட்டுத் தேடி, இந்த இரண்டையும் வைத்துப் பிரித்தால் அவர் வாங்கியது எது, அவர் பெயரில் பின்னாளில் வந்தது எது என்று தெளிவாகத் தெரியும்.

டார்பிடோவின் வாலைக் கழற்றும் முயற்சி 1947இல் நடந்தது. மோமா, மெட்ரோபாலிட்டன், விட்னி ஆகிய மூன்று நியூயார்க் அருங்காட்சியகங்களும் ஒப்பந்தம் போட்டன. ‘செவ்வியல்’ ஆகிவிட்ட படைப்புகளை மோமா மெட்ரோபாலிட்டனுக்கு விற்கும், அந்தப் பணத்தில் புதியதை வாங்கும். 26 படைப்புகள், 1,91,000 டாலர். பிளிஸ் சேகரிப்பிலிருந்த பிக்காசோவின் ‘வெள்ளை உடையில் பெண்’ இப்படித்தான் மெட்ரோபாலிட்டனுக்குப் போனது. டோமியேவின் ‘துணி துவைக்கும் பெண்’ணும் அதே 1947இல் போனது, ஆனால் அது விற்பனை அல்ல, உயிலில் சொன்னபடி. அங்கே அதன் சீட்டில் இன்றும் 1931ஆம் ஆண்டின் பிளிஸ் கொடை என்றுதான் இருக்கிறது. 1953க்குள் மோமா மனம் மாறி ஒப்பந்தத்தைக் கைவிட்டது. பெரிய படைப்புகளை இனி விடுவதில்லை என்று முடிவாயிற்று. கொடையாளர்கள் தயங்கத் தொடங்கியது ஒரு காரணம்: பத்து வருடத்தில் இன்னொரு இடத்துக்குப் போகப்போகிறது என்றால் எதற்கு இங்கே கொடுப்பது?

விற்கும் அனுமதிக்கு இன்னொரு ஆபத்து உண்டு, அதுதான் பெரிது. விற்ற பணம் வேறொரு ஓவியமாகாமல் கூரை ஒழுகலுக்கும் சம்பளத்துக்கும் போய்விடுவது. அதனால்தான் அமெரிக்காவின் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் நெடுங்காலமாக ஒரு விதி வைத்திருக்கிறது: விற்ற பணம் புதிய படைப்பு வாங்குவதற்கு மட்டும். பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் இரண்டு ஆண்டுக்கு அதைத் தளர்த்தினார்கள். 2022இல் சேகரிப்பின் நேரடிப் பராமரிப்புக்கும் செலவிடலாம் என்று மாற்றினார்கள். லில்லி பிளிஸ் மூலநிதி நிபந்தனையையும் விற்பனை அனுமதியையும் ஒன்றாகப் பிணைத்ததன் அர்த்தம் இப்போது புரியும். அன்றாடச் செலவுக்குத் தனிப் பணம் இருந்தால்தான் ஓவியத்தை விற்ற பணம் ஓவியமாகவே மிஞ்சும்.

அவருடன் அதே காலத்தில் இயங்கிய மற்றப் பெண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி 1929இல் சுமார் 500 அமெரிக்கப் படைப்புகளை மெட்ரோபாலிட்டனுக்குக் கொடுக்க முன்வந்தார். இயக்குநர் எட்வர்ட் ராபின்சன் வேண்டாம் என்றார். தானே சிற்பி, செல்வத்துக்கும் குறைவில்லை; 1931 நவம்பரில் தன் பெயரிலேயே அருங்காட்சியகம் திறந்துவிட்டார்.

கேத்தரின் டிரையர் கதை வேறு. மார்செல் துஷான், மான் ரே இருவரோடும் சேர்ந்து 1920இலேயே, மோமாவுக்கு ஒன்பது ஆண்டு முன்பே, ‘சொசியெத்தே அனொனிம்’ என்ற அமைப்பைத் தொடங்கி அதற்கு ‘நவீன கலை அருங்காட்சியகம்’ என்றே துணைப்பெயரும் வைத்தார். துணிவிலும் பார்வையிலும் லில்லி பிளிஸைவிடப் பல படி முன்னே இருந்தவர். கான்டின்ஸ்கி, க்ளே, மிரோ, மாலெவிச் எல்லாரையும் அமெரிக்காவுக்குக் காட்டினார். ஆனால் கட்டடமும் மூலநிதியும் இல்லை. செலவு பெரும்பாலும் அவர் கையிலிருந்தே. 1926இல் புரூக்ளினில் நடத்திய பெரிய கண்காட்சி முடிந்து திரும்பும் வழியில் துஷானின் ‘பெரிய கண்ணாடி’ நொறுங்கியது. இரண்டு கண்ணாடிப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து லாரியில் ஏற்றினால் குலுக்கலில் ஒன்றோடொன்று மோதாமல் என்ன செய்யும்? உடைந்தது தெரியவந்ததே சில ஆண்டு கழித்து. 1936இல் துஷான் டிரையரின் வீட்டுக்கே வந்து, துண்டுகளைப் பொருத்தி, கனமான கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். டிரையர் தன் கிராமத்து வீட்டையே அருங்காட்சியகமாக்க விரும்பினார்; யேல் பல்கலைக்கழகம் செலவைக் கணக்குப் பார்த்துப் பின்வாங்கியது. 1941இல் சேகரிப்பு மட்டும் யேலுக்குப் போனது.

நெதர்லாந்தில் ஹெலன் க்ரோலர்-முல்லர் சுமார் 90 வான்கோ ஓவியங்கள் உட்பட 11,500 அளவில் பொருள்கள் சேர்த்தார். பணம் கணவரின் கப்பல், தானிய வியாபாரத்திலிருந்து. 1920களில் தொழில் ஆட்டம் கண்டதும் கட்டிக்கொண்டிருந்த பிரம்மாண்ட அருங்காட்சியகம் பாதியில் நின்றது. கடன்காரர் கை படாமல் இருக்க 1928இல் சேகரிப்பை ஒரு அறக்கட்டளைக்கு மாற்றினார்கள். 1935இல் அருங்காட்சியகம் கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசுக்குக் கொடுத்தார்கள். 1938இல் சின்னக் கட்டடத்தில் திறந்தது. அறக்கட்டளைக்கு மாற்றியது சில ஆண்டு தாமதமாகியிருந்தால் அந்த வான்கோக்கள் எல்லாம் ஏலத்தில்தான்.

மோமாவின் மூன்றாவது நிறுவனரான மேரி சல்லிவனுக்கு அந்த ஏலம்தான் வாய்த்தது. கணவர் இறந்தபின் கை வறண்டு, 1939 டிசம்பரில் அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது; அதே வாரம் அவரும் இறந்தார். ஏபி ராக்ஃபெல்லர் அங்கே வாங்கிய மொடிலியானியின் கல் தலை ஒன்றும் டெரானின் ஓவியம் ஒன்றும் சல்லிவனின் நினைவாக என்ற குறிப்போடு மோமாவில் இருக்கின்றன.

இவ்வளவு செய்த லில்லி பிளிஸ் ஏன் இத்தனை காலம் வெறும் பெயராக இருந்தார் என்றால், அதற்கும் அவரே காரணம். தன் கடிதங்களையும் குறிப்புகளையும் எரித்துவிடச் சொல்லிவிட்டார், எரித்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் பெயர் போடாமல் கடன் கொடுப்பதே வழக்கம். இன்னொரு சேகரிப்பாளரான பெக்கி குகன்ஹைம் மாதிரி தன்வரலாறு எழுதவில்லை, வெனிஸில் அரண்மனை வாங்கவில்லை. குடும்பம் மட்டும் மோமாவோடு தொடர்ந்தது: தம்பி அறங்காவலர் ஆனார், தம்பி மகள் எலைசா பிளிஸ் பார்க்கின்சன் 1960களில் தலைவராகவே இருந்தார். லில்லி பிளிஸைப் பற்றிய தனிக் கண்காட்சியை மோமா 2024 நவம்பரிலிருந்து 2025 மார்ச் வரை நடத்தியது.

பெக்கி குகன்ஹைமைச் சொன்னதால் ஒன்று. அவர் 1970களில் வெனிஸ் அரண்மனையையும் சேகரிப்பையும் தன் பெரியப்பாவின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1979இல் இறந்தார். 2012இல் ஷுல்ஹோஃப் தம்பதியின் 80 படைப்புகள் அங்கே சேர்ந்து, அவர்கள் பெயரும் முகப்பில் ஏறியது. பெக்கியின் பேரப்பிள்ளைகள் சிலர், பாட்டி வைத்தபடி இல்லை என்று பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014இல் தோற்றார்கள், 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். எப்படிக் காட்டவேண்டும் என்று கொடைப் பத்திரத்தில் நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை.